கப்பல் தள்ளிப்போனால் ஆளையும் தள்ளிப் போடுங்கள்

கட்டி முடியாத கப்பல்களுக்கு மாலுமிகளை ஒதுக்கும் கடற்படை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் என்ஜின் அறையில் வேலை பார்த்த பழைய மாலுமி. முதல் நியமனம் வந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்டது, "எந்தக் கப்பல்?" என்றுதான். என்னிடம் இருந்தது ஒரு யார்டு எண், அதாவது பெயர் வைக்காத கப்பலுக்குக் கட்டும் தளம் போட்ட எண். போய்ப் பார்த்தால், சாரம் கட்டிய இரும்பு மலை ஒன்று நின்றது. ஏறும் இடத்தில் காவலர் மறித்து பாஸ் கேட்டார். ஒப்படைக்கும்வரை கப்பல் கட்டுகிறவர்களுடையது, நாங்கள் அங்கே வந்துபோகிறவர்கள், அவ்வளவுதான்.

நான் அதிகம் செய்தது தீக்காவல். வெல்டர் தகட்டின் ஒரு பக்கம் பொறி பறக்க வேலை செய்வார். நான் மறுபக்கம் தீயணைப்பானை மடியில் வைத்துக்கொண்டு, பெயின்ட் கொப்பளிக்கிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அவர் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகும் அரை மணி நேரம் நகரக் கூடாது. இதை வீண் வேலை என்று சொல்ல மாட்டேன். 2020 ஜூலையில் சான் டியேகோவில் பராமரிப்பில் இருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் பான்ஹோம் ரிச்சர்ட் நான்கு நாளுக்கு மேல் எரிந்தது. வாசல்கள் வழியாக வயர்களும் குழாய்களும் இழுத்திருந்ததால் கதவுகளைச் சாத்த முடியவில்லை. கடைசியில் கப்பலை உடைக்கத்தான் கொடுத்தார்கள்.

சீக்கிரம் போவதில் லாபமும் உண்டு. வரைபடத்தை வைத்துக்கொண்டு ஓர் எரிபொருள் குழாயை டேங்கிலிருந்து என்ஜின்வரை கையால் தொட்டுக்கொண்டே போவோம். காகிதத்தில் பளிச்சென்று தெரியும் வால்வு, நேரில் ஓர் ஏணிக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில் இருக்கும். எழுதிக் கொடுத்தால் மாற்றித் தருவார்கள். நடுக்கடலில் கண்டுபிடித்தால் யாரிடம் எழுதிக் கொடுப்பது? அதனால் முன்கூட்டியே ஆள் வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை தேதியோடு. அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ஜெரால்ட் ஃபோர்டுக்கு 2009இல் அடிக்கட்டை வைத்தார்கள், 2017இல்தான் படையில் சேர்ந்தது. அதே 2009இல் தொடங்கிய நம்ம விக்ராந்த் சேர்ந்தது 2022 செப்டம்பரில். 2019இல் நீரில் இறங்கிய இன்னொரு அமெரிக்க விமானந்தாங்கி ஜான் எஃப். கென்னடியின் ஒப்படைப்பு 2027க்குத் தள்ளிப் போடப்பட்டிருக்கிறது. புது வடிவமைப்பு என்றால் தாமதம் சகஜம், புரிகிறது. எங்கள் யார்டிலும் ஒப்படைப்புத் தேதி மூன்று முறை நகர்ந்தது. நாங்கள் வந்து சேர வேண்டிய தேதி மட்டும் ஒரு நாள்கூட நகரவில்லை.

என்னோடு பயிற்சி முடித்தவன் ஓடுகிற கப்பலுக்குப் போனான். ஒரே வருஷத்தில் தனியாக வாட்ச் எடுக்க, அதாவது என்ஜின் அறையை முறைப்படி கவனிக்கும் பணியைப் பார்க்க, தகுதி வாங்கிவிட்டான். எனக்கோ படித்ததில் பாதி மறந்துபோயிருந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் இது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்க விமானந்தாங்கி ஜார்ஜ் வாஷிங்டன் புதுக் கப்பல் அல்ல, 2017இல் பெரிய பராமரிப்புக்குப் போனது. நான்கு வருஷத்தில் முடிய வேண்டியது, 2023 மே வரை இழுத்தது. அதற்கிடையே 2022 ஏப்ரலில் ஒரே வாரத்துக்குள் அதன் மாலுமிகள் மூன்று பேர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சத்தத்துக்கு நடுவே கப்பலிலேயே தங்கியிருந்தவர்களை வெளியே மாற்றும் வேலை அப்புறம்தான் மும்முரமானது. ஒவ்வொருவர் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அடித்துத் தட்டுகிற இடத்தில் தூங்கச் சொல்லாமல் இருக்க விசாரணை எதற்கு?

கேட்பது இதுதான். ஒப்படைப்புத் தேதி ஆறு மாதம் தள்ளினால், இன்னும் வராதவர்களின் வரவையும் ஆறு மாதம் தள்ளுங்கள். வந்துவிட்டவர்களை முறைவைத்து ஓடுகிற கப்பல்களுக்கு அனுப்பி வாட்ச் பழக விடுங்கள். வேலை முடியாத கப்பலில் யாரையும் குடிவைக்காதீர்கள்.

ஆட்களைச் சும்மா வைத்திருக்கிறோமே என்ற உறுத்தல் உங்களுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்வோம், கப்பலுக்காகவாவது யோசியுங்கள். எங்கள் கப்பல் முதல் சோதனை ஓட்டத்துக்குக் கிளம்பிய அன்று, குழாய்களைத் தொட்டுத் தொட்டுப் படித்தவர்களில் பாதிப் பேர் பணிக்காலம் முடிந்து மாற்றலாகிப் போயிருந்தார்கள். இரண்டாம் நாள் இரவு எரிபொருள் கசிவு அலாரம் அடித்தது. எந்த வால்வை மூடுவது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் அப்போது கரையில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நாங்கள் டார்ச் அடித்து வரைபடத்தைப் புரட்டினோம்.

இப்படிக்கு,
ஒரு பழைய என்ஜின் அறைக்காரன்