கரண்ட் போனால் ஓடுமா என்று முதலில் கேள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்பாவுக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிறீர்கள் என்ற வரியில் மனசு நின்றுவிட்டது. சைக்கிள் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு நம் இருவரோடும் ஓடி வந்தவர் அவர். மூச்சு வாங்காமல் தெரு முனை வரை ஓடுவார். இங்கே எல்லோரும் நலம். மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள், வீடு ஓசையில்லாமல் கிடக்கிறது.

சரி, சோலார் விஷயம். மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள், அதில் பேட்டரி இல்லாமல் தெரு லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்-கிரிட்தான் செலவு குறைவு, அதையே போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இன்னும் கையெழுத்துப் போடவில்லையென்றால் போடாதே. உன் வீட்டுக்கு அது ஆகாது.

என் வீட்டில் இருப்பது ஆன்-கிரிட். போட்ட முதல் மாதம், நல்ல உச்சி வெயிலில் கரண்ட் போனது. மாடியில் பேனல்கள் தகதகவென்று காய்ந்துகொண்டிருக்கின்றன, கீழே ஃபேன் ஓடவில்லை. இன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். மாட்டிக் கொடுத்தவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. பிறகுதான் விவரம் புரிந்தது. ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தெருவில் வரும் மின்சாரத்தின் தாளத்தைக் கேட்டு, அதோடு சேர்ந்தே ஓடும். அந்தத் தாளம் நின்றால் இரண்டு விநாடிக்குள் இதுவும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. ஏனென்றால் லைனில் மின்சாரம் இல்லை என்று நம்பி ஒரு லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். நம் மாடியிலிருந்து மின்சாரம் லைனுக்குள் போனால் அவர் உயிர் போய்விடும். இது தெரிந்த நாளிலிருந்து ஃபேன் நிற்பது எனக்குக் குறையாகவே படவில்லை. எனக்கு வேண்டியது கரண்ட் பில் குறைவது. அது குறைந்திருக்கிறது. பகலில் மிஞ்சுவது லைனுக்குப் போய்க் கணக்கில் சேர்கிறது, பேட்டரி என்ற தலைவலியும் இல்லை. ஆனால் அப்பாவின் மெஷின் நிற்காமல் ஓட, உனக்குக் கரண்ட் போகும் நேரத்தில்தான் மின்சாரம் வேண்டும்.

ஆஃப்-கிரிட்டை ஒருவர் பரிந்துரைத்தார் என்று எழுதியிருந்தாய். அது லைன் எட்டாத இடங்களுக்கானது. தொடர்ந்து மழை பெய்யும் வாரத்தையும் தாங்கும் அளவுக்குப் பேனலும் பேட்டரியும் வாங்கிப் போட வேண்டும். நல்ல வெயில் நாளில் பேட்டரி மதியமே நிரம்பிவிட்டால் மீதி வெயில் வீண். வாசல் வரை லைன் வந்திருக்கும்போது அந்தச் சுமை எதற்கு?

ஆக, ஹைபிரிட். பேனல், பேட்டரி, லைன் மூன்றையும் ஒரே இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும். லைன் போனதும் வீட்டைத் தெருவிலிருந்து துண்டித்துவிட்டுத் தனியாக ஓட்டும், அதனால் லைன்மேனுக்கும் ஆபத்தில்லை. ஒரு விஷயத்தில் கவனமாக இரு. இன்வெர்ட்டர் மேல் ஹைபிரிட் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. பேட்டரி இல்லாமல் விற்றுவிட்டு 'பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்' என்பார்கள். கரண்ட் போனபோது பேட்டரியில் ஓட வேண்டியவற்றுக்கென்று வீட்டுக்குள் தனி லைன் இழுத்திருக்கிறார்களா என்றும் பார். அந்த லைனில் அப்பாவின் மெஷின், அவர் அறை ஃபேன், இரண்டு லைட் இவை மட்டும் இருக்கட்டும். ஏசியையும் மோட்டாரையும் அதில் கோத்துவிட்டால் பேட்டரி சட்டென்று தீர்ந்துவிடும்.

பேட்டரி எவ்வளவு என்பதை நீயே கணக்குப் போடலாம். மெஷினின் பின்பக்கம் வாட் அளவு எழுதியிருக்கும். வீட்டில் வைக்கும், நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ஆக்சிஜன் தரும் மெஷின் பெரும்பாலும் 350 வாட்டை ஒட்டி இருக்கும். பத்து மணி நேரம் ஓடினால் மூன்றரை யூனிட். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் நான்கு என்று வை. 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) லெட்-ஆசிட் பேட்டரி ஒன்றில் இருப்பது 1.8 யூனிட். அதில் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். அப்படிப் பார்த்தால் நான்கு வாங்கினாலும் போதாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் எண்பது சதவீதம் வரை தயங்காமல் எடுக்கலாம், ஐந்து யூனிட் பேட்டரி ஒன்றே உன் மெஷினுக்குப் போதும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் கொஞ்சம் கூட்டிக்கொள். முதல் செலவு அதிகம்தான், ஆனால் லெட்-ஆசிட்டைவிடப் பல மடங்கு தடவை ஏற்றி இறக்கலாம்.

பேனல் மோனோவா (ஒற்றைப் படிக சிலிக்கான்) பாலியா (பல படிக சிலிக்கான்) என்று ரொம்பக் குழம்பியிருக்கிறாய். இடம் குறைவென்றால் மோனோ, அவ்வளவுதான். நிழலைப் பற்றித்தான் நீ எழுதவே இல்லை. வரிசையாகக் கோத்த பேனல்களில் ஒன்றின் மேல் தண்ணீர்த் தொட்டி நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையின் உற்பத்தியும் அடிபடலாம். நிழலைத் தவிர்க்க முடியாதென்றால் ஒரு பேனலின் நிழல் மற்றவற்றைப் பாதிக்காதபடி, பேனலுக்கு ஒன்றாக மைக்ரோ இன்வெர்ட்டரோ ஆப்டிமைசரோ வைப்பது பற்றிக் கேள். அப்புறம், பேனலைத் தளத்தோடு ஒட்டி மாட்ட விடாதே. பேனலின் சூடு 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும். பேனல் 60 டிகிரியில் கொதித்தால் பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடும். அடியில் காற்று ஓட இடம் வேண்டும்.

எந்தக் கருவியும் ஒரு நாள் நின்றுபோகலாம். அதனால் நிரப்பிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று எப்போதும் அப்பாவின் கட்டிலருகே இருக்கட்டும். சோலார் போட்ட பிறகும் அதை எடுத்துவிடாதே.

காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மாலை மூன்று என்று மூன்று வேளையும் மாடியைப் படம் எடுத்து அனுப்பு. நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன், போனை அப்பாவிடம் கொடு.

அன்புடன்,
உன் நண்பன்