லெஸ்டரில் இருக்கும் மகளுக்கு

பெரம்பூர்

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

இங்கு நாங்கள் நலம். உன் நலமும் மாப்பிள்ளையின் நலமும் அறிய ஆவல்.

நேற்றிரவு நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று முறை கேட்டேன். நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், பெற்ற பிள்ளைகளின் பெயர்களைக்கூட மறந்துவிட்ட ஒரு மூதாட்டி, ஒரே ஒரு பாட்டை மட்டும் வரி பிசகாமல் பாடுகிறார் என்று சொல்லி, சொற்கள் உனக்குப் பிடிபடாததால் மெட்டை மட்டும் 'லா லா' என்று பாடிக்காட்டியிருந்தாய். இரண்டாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் 1967-இல் பாடிய 'த லாஸ்ட் வால்ட்ஸ்', அதாவது கடைசி ஜோடி நடனம். தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய கதை இல்லை என்பதால் காகிதம் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

நீ இப்போது நடமாடும் ஊர்தான் அவர் வளர்ந்த ஊர். பிறந்ததோ நம் ஊரில். 1936 மே 2-ஆம் தேதி மெட்ராஸில், பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த ஒருவருக்கு, பத்துப் பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தார். இயற்பெயர் ஆர்னால்ட் ஜார்ஜ் டார்சி. அவருக்குப் பத்து வயது இருக்கும்போது குடும்பம் லெஸ்டருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இங்கே அவர் பேச்சு எடுத்தாலே 'நம்ம மெட்ராஸ்காரர்' என்று உரிமை கொண்டாடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. குழந்தைப் பருவத்தை இந்த ஊர் கொடுத்தது என்பது உண்மைதான். அந்தத் தொண்டையைப் பாட வைத்தது உன் ஊரின் மதுக்கூடங்களும் நடனக் கூடங்களும்தான்.

முதலில் அவர் கற்றது சாக்ஸபோன். பதினேழு வயது வாக்கில் ஒரு மதுக்கூடப் போட்டியில் நண்பர்கள் மேடையேற்றிவிட, பாடியதோடு நில்லாமல் அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸைப் போல நடித்தும் காட்டியிருக்கிறார். அதனால் 'ஜெர்ரி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டு, ஜெர்ரி டார்சி என்ற பெயரிலேயே பல வருடங்கள் பாடித் திரிந்தார். இடையில் கட்டாய ராணுவச் சேவை. 1959-இல் வந்த இசைத்தட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1961-இல் காசநோய் வேறு வந்து, பாடுகிறவரின் நுரையீரலிலேயே கை வைத்தது.

லண்டனில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த கார்டன் மில்ஸ் என்பவர், பின்னாளில் பிரபலப் பாடகர் டாம் ஜோன்ஸின் மேலாளராகிப் பெரிய ஆளாகிவிட்டார். 1965-இல் பழைய அறைத்தோழரைக் கையில் எடுத்தவர், முதலில் மாற்றியது பெயரைத்தான். 'ஹான்சல் அண்ட் கிரெட்டல்' என்ற இசை நாடகத்தை எழுதிய ஜெர்மானிய இசையமைப்பாளரின் பெயரை அப்படியே தூக்கி இவருக்குச் சூட்டிவிட்டார்! ஜெர்மனியில் மட்டும் அவர் வெறும் 'எங்கல்பர்ட்' என்றே மேடையேற வேண்டியிருந்தது. வாயில் நுழையாத பெயர் என்று எங்கள் பள்ளியில் 'ஹம்ப்டி டம்ப்டி' என்றே சொல்வோம். ஆனாலும் மறக்கவில்லை பார். மில்ஸின் கணக்கும் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

1967 தொடக்கத்தில், லண்டன் பலேடியம் அரங்கின் ஞாயிற்றுக்கிழமைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடவேண்டிய டிக்கி வாலண்டைன் உடல்நலமின்றிப் போக, அந்த இடத்தில் இவர் வந்து நின்று 'ரிலீஸ் மீ' பாடினார். அந்தத் தட்டு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டு, பீட்டில்ஸின் 'பென்னி லேன்' தட்டையே இரண்டாம் இடத்தைத் தாண்டவிடாமல் தடுத்தது. ஐம்பத்தாறு வாரங்கள் தொடர்ச்சியாக விற்பனைப் பட்டியலில் இருந்த பாட்டு அது. மணவாழ்க்கையிலிருந்து என்னை விட்டுவிடு என்று ஒருவன் மனைவியிடம் கெஞ்சும் பாட்டு. சிலோன் ரேடியோவின் ஆங்கிலச் சேவையில் அது வரும்போதெல்லாம், உன் பாட்டி அதை ஏதோ தேவாலயப் பாட்டு என்று நினைத்துக்கொண்டு, சத்தத்தைக் குறைக்காதே என்பார்கள். நானும் திருத்தவில்லை.

அதே ஆண்டில் வந்ததுதான் உன் மூதாட்டியின் பாட்டு. லெஸ் ரீடும் பாரி மேசனும் எழுதியது. ஐந்து வாரம் முதலிடம். நம் திஸ்ர நடைபோல மூன்று மூன்றாக அசையும் மெட்டு. கிளம்பலாமா இருக்கலாமா என்று ஒருவன் தயங்கும் நேரத்தில், கடைசி நடனத்திற்கு வாத்தியக்குழு தொடங்க, தனியாக நிற்கும் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். பல்லவி அந்தச் சந்திப்பைச் சொல்கிறது. பிறகு காதல், சேர்ந்து வாழ்தல், அவள் கண்ணில் அந்தச் சுடர் அணைதல் எல்லாம் சில வரிகளில் முடிந்து, அதே பல்லவி திரும்ப வரும்போது ஒரு சொல்லும் மாறாமலேயே அது பிரிவாகிவிடுகிறது. இறுதியில் சொல்ல ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, சொற்களை விட்டு 'லா லா'வுக்குப் போய்விடுவார். சொல் தெரியாமல் நீ பாடியதாக நினைத்தாய் அல்லவா? பாட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது.

பிறகு லாஸ் வேகாஸ் மேடைகள், 1976-இல் 'ஆஃப்டர் த லவ்விங்' என்ற அமெரிக்க வெற்றி எல்லாம் வந்தன. எனக்கு அவை அவ்வளவாக ஒட்டவில்லை. 2012-இல், எழுபத்தாறு வயதில், பிரிட்டன் சார்பாக, அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்குப் போய், இறுதிச் சுற்றில் முதல் ஆளாகப் பாடி, இருபத்தாறு நாடுகளில் இருபத்தைந்தாவதாக வந்தார். சிரித்தவர்கள் சிரித்தார்கள். இந்த வயதில் எதற்கு இந்த வேலை என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அடுத்த வருடமும் அவர் மேடையேறினார்.

அவருடைய மனைவி பாட்ரிசியா லெஸ்டர் பெண். 1964-இல், கையில் காசும் பேரும் இல்லாத காலத்தில் மணந்துகொண்டவர். கணவரைச் சுற்றி வந்த பெண்களைப் பற்றிய செய்திகளையும் தாங்கியவர். இறுதிப் பத்தாண்டுகளுக்கும் மேலாக அவருக்கு அல்சைமர் நோய். நீ தினமும் பார்க்கும் அதே மறதி. 2021 பிப்ரவரியில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. அதே ஆண்டில்தான் அரசியின் பிறந்தநாள் கௌரவப் பட்டியலில் இவருக்கு எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரசுப் பட்டம் வந்தது. இந்த இரண்டையும் ஒரே வருடத்துச் செய்தித்தாள்களில் படித்தபோது பட்டத்தின் மீது எனக்கு மனம் போகவில்லை.

என்னிடம் இருப்பது மூர் மார்க்கெட்டில் மூன்று ரூபாய்க்கு வாங்கிய பழைய தட்டு. அவள் கண்ணில் சுடர் அணையும் அந்த வரியில் ஒரு கீறல். ஊசி அங்கே வந்ததும் தாவிவிடும். இப்போது யூடியூபில் முழுதாகக் கேட்டாலும் என் காது அந்த இடத்தில் தானாகவே தாவிவிடுகிறது. அடுத்த முறை அந்த அம்மா பாடும்போது, கை வேலையைச் சற்று நிறுத்திவிட்டு, அந்த வரியை அவர் எப்படிப் பாடுகிறார், எங்கே மூச்சு எடுக்கிறார் என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா