அந்தக் கோடுகளைத் திரும்பப் போட்டுத் தாருங்கள்

அயர்லாந்தில் டொனிகால் கவுண்டியின் கிழக்குப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். கூடத்தின் தரையில் பேட்மிண்டன் கோடுகளைத் திரும்பப் போட வேண்டும் என்ற இந்தக் கோரிக்கையை ஆங்கிலத்தில் எழுதி ஏற்கெனவே உங்களிடம் கொடுத்திருக்கிறோம். லெட்டர்கென்னிக்கு மருத்துவமனை வேலையாக வந்து இந்தப் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் எங்கள் கிளப்பில் இருக்கின்றன. என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது என்று அவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

நடந்ததை விளக்கத் தேவையில்லை. போன கோடையில் பழைய மரத்தரையைப் பெயர்த்துவிட்டுப் புதுத்தரை போட்டீர்கள். நல்ல தரை, குறை சொல்ல மாட்டேன். கூடைப்பந்துக்குக் கோடு போட்டிருக்கிறீர்கள், உள்ளரங்கக் கால்பந்துக்கும் போட்டிருக்கிறீர்கள். பேட்மிண்டனுக்கு மட்டும் போடவில்லை. ஏன் என்று கேட்டால், இங்கே பாரம்பரியமாக நடந்துவரும் விளையாட்டுகளுக்குத்தான் முன்னுரிமை என்கிறீர்கள்.

அந்தப் பதிலுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் டேப் கதை.

குளிர்காலம் முழுக்க, ஆட வந்த ஒவ்வொரு இரவும், ஆடுவதற்கு முன்னால் நாங்கள் தரையில் மண்டியிட்டோம். ஒருவர் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க, இன்னொருவர் மறுமுனையை இழுத்துக்கொண்டு போவார். நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர். வலையிலிருந்து 1.98 மீட்டரில் சர்வீஸ் கோடு. மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் குறுக்கே ஒரு தடவை அளக்க வேண்டும். எல்லாவற்றையும் காகித டேப்பில் ஒட்டி முடிப்பதற்குள் வாடகை கொடுத்த நேரத்தில் நல்ல பங்கு போய்விடும். முன்னால் பாய்ந்து ஒரு ஷட்டிலை எடுத்தால் டேப்பின் நுனி கிளம்பி ஷூவில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். ஒரு லீக் ஆட்டத்தில் சர்வீஸ் கோடு கோணலாக இருக்கிறது என்று வந்த அணியின் கேப்டன் சொன்னார். சண்டைக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே கோணல். ஆட்டத்தை நிறுத்தி மறுபடி அளந்தோம். அவர்களுக்கு வைத்திருந்த தேநீர் ஆறிப்போனது.

ஆடி முடித்ததும் அத்தனை டேப்பையும் உரித்தெடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது உங்கள் விதி. அதையும் மீறவில்லை. எங்கள் கிளப்பின் பழைய செயலாளர் எண்பதை நெருங்குகிறார். இந்தக் கூடத்தில்தான் ஆடக் கற்றுக்கொண்டவர். அவர் குனிந்து நகத்தால் டேப்பைச் சுரண்டுவதைப் பார்க்கிறவர்களுக்குப் பாரம்பரியம் என்று யாராவது சொன்னால் கோபம் வரத்தான் செய்யும்.

சரி, பாரம்பரியத்துக்கு வருவோம். அயர்லாந்தில் பேட்மிண்டன் சங்கம் 1899-இலேயே தொடங்கிவிட்டது. ஐரிஷ் ஓபன் 1902-இலிருந்து நடக்கிறது. 1903-இல் டப்ளினில் அயர்லாந்தும் இங்கிலாந்தும் மோதியதுதான் உலகத்தின் முதல் சர்வதேசப் பேட்மிண்டன் போட்டி. 1934-இல் சர்வதேசக் கூட்டமைப்பைத் தொடங்கிய ஒன்பது நாடுகளில் அயர்லாந்தும் ஒன்று. டப்ளின்காரர் ஃபிராங்க் டெவ்லின் ஆல் இங்கிலாந்து ஒற்றையர் பட்டத்தை 1925 முதல் 1929 வரை தொடர்ந்து வென்றார். 1931-இல் இன்னொரு தடவையும் வென்றார்.

அதெல்லாம் டப்ளின் கதை என்பீர்கள். கிராமத்துக் கதை இன்னும் சுவையானது. வயல் வேலை குறைந்து, நாலரை மணிக்கே இருட்டிவிடும் மாதங்களில், சர்ச் கூடமும் பாரிஷ் கூடமும்தான் போக்கிடம். ஆணும் பெண்ணும் ஒரே தரையில் சேர்ந்து ஆடக்கூடிய ஆட்டம் என்பதால் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அயர்லாந்தின் சொந்த விளையாட்டுகளை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் தன் உறுப்பினர்களுக்குக் கால்பந்து, ரக்பி, ஹாக்கி, கிரிக்கெட்டை 1971 வரை தடைசெய்து வைத்திருந்தது. பேட்மிண்டன் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் கேலிக் பந்து ஆடுகிறவர் குளிர்காலத்தில் தயங்காமல் ராக்கெட்டைத் தூக்கலாம். வட அயர்லாந்து தனியாகி நாட்டின் நடுவே எல்லை வந்த பிறகும் பேட்மிண்டன் சங்கம் இரண்டாகப் பிரியவில்லை. டொனிகால் இன்றைக்கும், எல்லையின் இரு பக்கத்தையும் சேர்த்த அல்ஸ்டர் கிளையில்தான் இருக்கிறது.

வெளியூர் அணி வந்தால் சாண்ட்விச், ஆப்பிள் டார்ட், தேநீர் போடாமல் அனுப்பக் கூடாது. ஷட்டில் உத்தரத்தில் பட்டால் என்ன செய்வது என்பதற்குக் கூடத்துக்குக் கூடம் ஒரு விதி. இதெல்லாம் எங்கேயும் எழுதி வைக்காமலே தொடர்கிறது. இது பாரம்பரியம் இல்லை, உள்ளரங்கக் கால்பந்துதான் பாரம்பரியம் என்றால், ஐயா, நான் வேறு ஊரில் இருக்கிறேன் போலிருக்கிறது. வெளிநாட்டுக்காரன் நான்தான் உங்கள் ஊர்ப் பாரம்பரியத்தை உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ராஃபோ எவ்வளவு சின்ன ஊர் என்று உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து கிளம்பிய க்ளோயி மகீ 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக்கில் அயர்லாந்துக்காக ஆடினார். தம்பி சாமுடன் சேர்ந்து 2015-இல் பாக்குவில் நடந்த ஐரோப்பிய விளையாட்டுப் போட்டியில் கலப்பு இரட்டையர் வெண்கலம் வாங்கினார். அப்படி ஒருவர் இந்தக் கவுண்டியிலிருந்தே வந்திருக்கும்போது, நம் பிள்ளைகளுக்குத் தரையில் ஒரு கோடு கிடையாது.

இந்தக் கவுண்டிக்கு எதுதான் நிலைத்தது? 1965-இல் கடைசி ரயிலும் போனது, இன்றுவரை திரும்பி வரவில்லை. ஒரு சிறுவர் போட்டிக்கு டப்ளின் போக வேண்டுமென்றால் விடிவதற்கு முன்னால் அப்பாவோ அம்மாவோ காரை எடுக்க வேண்டும். அதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லை, தெரியும். ஆனால் தரைக்கு மானியம் கேட்டு நீங்கள் போட்ட விண்ணப்பத்தின் முகப்பில் ராக்கெட்டோடு நிற்பது எங்கள் பிள்ளைகள். படத்துக்கு வேண்டியிருந்தவர்கள் கோடு போடும்போது மட்டும் எப்படி மறந்துபோனார்கள்?

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. பணிவாகவே கேட்கிறேன். கோடுகளைத் திரும்பப் போட்டுத் தாருங்கள். கோட்டின் அகலம் 40 மில்லிமீட்டர், அவ்வளவுதான். கோடுகள் கூடிப்போனால் கண்ணைக் குழப்பும் என்றால், மற்றக் கோடுகளோடு கலக்காத ஏதாவது ஒரு நிறத்தை நீங்களே முடிவு செய்யுங்கள். தரைக்கு ஒத்துவரும் பெயிண்ட் எது என்று மட்டும் சொல்லுங்கள். பெயிண்ட் செலவைக் கிளப்பே ஏற்றுக்கொள்கிறது. ஒரு வாரக்கடைசி கூடத்தைத் திறந்துவிட்டால் போதும். அளக்க எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

லீக் அக்டோபரில் தொடங்குகிறது. எந்தக் கூடத்தில் ஆடுவோம் என்று அதற்கு முன்னால் நாங்கள் எழுதிக்கொடுக்க வேண்டும். ஆகவே செப்டம்பர் பாதிக்குள் உங்கள் பதில் வேண்டும். எழுத்தில் தந்தால் நன்றி.

இப்படிக்கு,
செவ்வாய் இரவு பேட்மிண்டன் ஆடுகிறவர்கள் சார்பில்,
கிளப் உறுப்பினர் ஒருவர்