நிறம் பூசுவதற்கு முன் ஒரு வார்த்தை

நம் டெக்ஸ்ட் எடிட்டரை உருவாக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். அடுத்த வெளியீட்டில் நிரல்மொழிகளுக்கு சின்டாக்ஸ் ஹைலைட்டிங், அதாவது நிரலின் பகுதிகளுக்கு வகைவாரியாக நிறம் பூசும் வசதி, வருகிறது என்றதும் சோதனைப் பதிப்பை இறக்கிப் பார்த்தேன். இதை நச்சரித்துக் கேட்டவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் சொல்கிறேன், இப்போதிருக்கும் நிலையில் வெளியிடாதீர்கள்.

பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு கோப்பைத் திறந்தேன். தலையில், மூன்று மேற்கோள் குறிகளுக்குள் நாலைந்து வரி விளக்கம். அதற்குள் சாதாரணச் சொற்களாக வந்த ‘ஃபார்’, ‘இஃப்’ எல்லாம் கட்டளைகள்போல நீலத்தில் மின்னின. ஒவ்வொரு வரியையும் தனியாக எடுத்து கீவேர்டு (மொழிக்கே உரிய கட்டளைச் சொற்கள்) பட்டியலோடு ஒப்பிடுகிறீர்கள் போலிருக்கிறது. முந்தைய வரி எங்கே நின்றது என்று அடுத்த வரிக்குத் தெரியவே இல்லை.

நான் அழகுக்காக நிறம் கேட்கவில்லை. அந்த மும்மேற்கோளை மூட மறந்தால், கீழே உள்ளதெல்லாம் ஸ்ட்ரிங் (மேற்கோளுக்குள் வரும் வெறும் உரை) நிறத்துக்கு மாறவேண்டும். ஓட்டிப் பார்க்கும் முன்பே கண் பிடித்துவிடும். பொய் சொல்லும் நிறத்துக்குக் கறுப்பு வெள்ளையே தேவலை.

ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஸ்ட்ரிங்குக்குள் இருக்கிறோமா, கமெண்டுக்குள் (கணினி பொருட்படுத்தாத குறிப்பு) இருக்கிறோமா என்று குறித்துவையுங்கள். ஒரு வரி திருத்தப்பட்டால் அங்கிருந்து கீழே போய், பழைய குறிப்பும் புதிய குறிப்பும் ஒத்துப்போகும் வரியில் நின்றுவிடலாம். முழுக் கோப்பையும் மறுபடி படிக்க வேண்டியதில்லை. நியோவிம், ஈமேக்ஸ் ஆகிய எடிட்டர்கள் முறையே 2021இலும் 2023இலும் செய்ததுபோல, நிரலின் இலக்கண அமைப்பையே படித்தறியும் ட்ரீ-சிட்டர் என்ற கருவியைக் கொண்டுவரலாம்தான். ஆனால் மொழிக்கு ஒரு பார்சரை (இலக்கணம் பிரித்துப் படிக்கும் நிரலை) சுமக்கவேண்டும். இந்த எடிட்டர் லேசாக இருக்கிறது என்றுதானே நாங்கள் வந்தோம்!

இன்னொன்று. பைத்தான் 3இல் ஒரு வேரியபிளுக்கு (மதிப்பை வைக்கும் இடத்துக்கு) ‘எண்ணிக்கை’ என்றே பெயர் வைக்கலாம். வைத்தேன். உங்கள் எடிட்டர் அதைத் துண்டு துண்டாக்கியது; ‘ண்’ணின் புள்ளி தன் எழுத்தை விட்டுப் பிரிந்து, ஒரு புள்ளிவட்டத்தின் தலையில் தனியாக உட்கார்ந்திருந்தது. எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமொழியான ரெகெக்ஸில் ‘எழுத்து’ என்பதற்கான குறி அதை இயக்கும் பல இன்ஜின்களில் புள்ளியையும் கொம்பையும் எழுத்தாகவே எண்ணுவதில்லை. பெயர்களில் எந்தெந்தக் குறிகள் வரலாம் என்று, உலக எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டுத் தரநிலையான யூனிகோடு பட்டியலே தந்திருக்கிறது. பைத்தானும் அதைத்தான் பார்க்கிறது.

மிக நீண்ட ஒற்றை வரி கொண்ட ஜேசன் (தரவுகளை எழுதிவைக்கும் ஒரு வடிவம்) கோப்பில் எடிட்டர் உறைந்துபோனதையும் சொல்லிவிடுகிறேன். விம் என்ற எடிட்டர், தானாக, ஒரு வரியில் 3000ஆவது நெடுவரிசையோடு நிறம் தேடுவதை நிறுத்திக்கொள்ளும். அப்படி ஒரு வரம்பு போதும்.

சொதப்பிய கோப்புகளைத் தனியே அனுப்பியிருக்கிறேன். அந்த மும்மேற்கோள் கோப்பிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
தினமும் இதிலேயே எழுதும் ஒருவன்