ஷோனோ மழையில் ஒரு விவசாயி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஜப்பானிய மர அச்சு ஓவியங்கள் பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். வழக்கமாகப் போடும், ஓவியர் ஹொகுசாயின் ‘பெரிய அலை’ படத்தோடு நிறுத்தாமல் கிராமப் படங்களுக்கும் இடம் கொடுத்தது நல்ல காரியம். ஆனால் இவை அன்றைய கிராமத்தின் அமைதியான வாழ்வை அப்படியே காட்டுவதாக எழுதியிருப்பதுதான் இடிக்கிறது.

அமைதி எங்கே இருக்கிறது? ஃபூஜி மலையைப் பல இடங்களிலிருந்து காட்டும் ஹொகுசாயின் பட வரிசையில், ஓண்டென் என்ற ஊரின் நீர்ச்சக்கரப் படத்தைப் பாருங்கள். ஆண்கள் தானிய மூட்டை சுமக்கிறார்கள், பெண்கள் ஓடையில் குனிந்து கழுவிக்கொண்டிருக்கிறார்கள். வேலை இல்லாமல் நிற்பது, ஆமையைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கும் சிறுவன் ஒருவன்தான். ஃபூஜி மலை எங்கோ பின்னால் கிடக்கிறது. (முப்பத்தாறு காட்சிகள் என்று பெயர் வைத்த வரிசை நன்றாக விற்கவே, மேலும் பத்துப் படம் சேர்த்து 46 ஆக்கினார்கள். வியாபாரம்!)

அந்த வியாபாரத்தைத்தான் கட்டுரை தொடவே இல்லை. எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துப் பதிப்பாளர் முதல் போடுவார், ஓவியர் வரைவார், செதுக்குபவரும் அச்சிடுபவரும் வேறு ஆட்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் நகரத்தார். பயண ஆசை பிடித்த நகரவாசிக்கு எந்த மாதிரிக் கிராமம் பிடிக்குமோ, அதுதான் கடைக்கு வந்தது.

ஹிரோஷிகே என்ற ஓவியரின் புகழ்பெற்ற தோக்கைதோ சாலைப் படங்கள் (எடோவையும் கியோட்டோவையும் இணைத்த நெடுஞ்சாலை அது) 1833-34 வாக்கில் வெளிவந்தன. தென்போ பஞ்சம் என்ற பெரும் பஞ்சம் ஜப்பானில் தொடங்கியதும் அதே 1833-இல்தான். வடகிழக்கு மாகாணங்களில் விளைச்சல் பொய்த்து ஏராளமானோர் பட்டினியால் மாண்டார்கள். 1837-இல் ஒசாக்காவில் ஓஷியோ ஹெய்ஹாச்சிரோ என்ற முன்னாள் அதிகாரி ஏழைகளைத் திரட்டிக் கலகமே செய்தார். தோக்கைதோ சாலை வடகிழக்குப் பக்கம் போகவில்லை என்பது சரி. ஆனாலும் அத்தனை படங்களில் பஞ்சத்தின் சாயல்கூட இல்லை. அரசின் தணிக்கை முத்திரை விழாமல் படம் விற்க முடியாது என்ற நிலையில் ஓவியரை மட்டும் குறை சொல்லவும் முடியாது.

எனக்கு ஹிரோஷிகே பிடிக்கும். அதே வரிசையில் ஷோனோ என்ற ஊரின் மழையை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. சாய்ந்து கொட்டும் மழை. பின்னால் சாம்பல் நிற நிழலாக அடுக்கடுக்காய் வளையும் மூங்கில்கள். பல்லக்குத் தூக்கிகள் மேட்டில் ஏறுகிறார்கள். எதிர்த்திசையில், வைக்கோலில் பின்னிய மழையங்கியோடு மண்வெட்டியும் கையுமாக ஒரு விவசாயி இறங்கி ஓடுகிறார். ஒருவர் முகமும் தெரியாது. பக்கத்தில் ஓடுபவரின் குடையில், முதலில் அச்சான பிரதிகளில், பதிப்பாளர் தன் பெயரையே எழுதிக்கொண்டார். அந்தக் காலத்து விளம்பரம்! அந்த விவசாயி தப்பித்து ஓடுவது மழையிலிருந்து மட்டும்தான். வரியாக அளக்க வேண்டிய நெல்லைப் பற்றி படம் வாய் திறப்பதில்லை.

இந்தப் படத்தை நீங்கள் தபால்தலை அளவில், அதுவும் கறுப்பு வெள்ளையில் போட்டிருந்தீர்கள். மண்வெட்டி இருப்பதே தெரியவில்லை. அடுத்த இதழில் வண்ணத்தில் ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். கீழே வெளிவந்த ஆண்டையும் மறக்காமல் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோவில்பட்டி