கேஸ் கட்டை முழுசாக வாங்கு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. உங்கள் தெருப் பையனுக்குக் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை என்று படித்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது.

செசன்ஸ் தீர்ப்பை எதிர்த்து ஹைகோர்ட்டில் அப்பீல் போட 60 நாள். தீர்ப்பு நகலை இலவசமாகக் கொடுத்திருப்பார்கள். அது மட்டும் போதாது. சாட்சி வாக்குமூலங்கள், சான்றாவணங்கள் அத்தனைக்கும் நகல் மனு போடச் சொல். கெடு தாண்டினால் காரணம் காட்டித் தாமத மன்னிப்பு கேட்கலாம். வக்கீல் பீஸை நினைத்து அவன் அப்பா கலங்க வேண்டாம். சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் சட்ட உதவி உண்டு. அப்பீல் விசாரணைக்கு வர வருஷக்கணக்காகும். தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கும் மனுவையும் கூடவே போட வேண்டும்.

எஃப்.ஐ.ஆரை நிதானமாகப் பார். ஸ்டேஷனில் பதிந்த நேரம் ஒரு பக்கம். மாஜிஸ்திரேட் கையெழுத்திட்டு, கைக்கு வந்த நேரம் எழுதியிருப்பது இன்னொரு பக்கம். இரவு 10 மணிக்குப் பதிந்தது, 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மாஜிஸ்திரேட்டிடம் மறுநாள் மதியம் போனது என்றால், நடுவில் என்ன நடந்தது? தாமதம் மட்டுமே வழக்கை உடைக்காது. ஆனால் உடலைப் பார்த்து போலீஸ் எழுதும் பிரேத விசாரணை அறிக்கையில் குற்ற எண்ணோ இவன் பெயரோ இல்லாவிட்டால், பெயரைப் பிறகு சேர்த்தார்கள் என்ற வாதத்துக்கு வலு வரும். முன்பின் தெரியாத வி.ஏ.ஓ.விடம் தானே போய் ஒப்புக்கொண்டான் என்று எழுதியிருக்கிறதா, அதையும் பார். முகம் தெரியாதவரிடம் ஒருவன் ஏன் கொலையைச் சொல்லப்போகிறான்?

கடைசியாக, போலீஸ் விசாரித்தவர்களில் யாரைக் கோர்ட்டுக்குக் கூட்டிவரவில்லை, எந்த வாக்குமூலம் கேஸ் கட்டில் இல்லை என்று தேடு. 2003-ல் நாசிக் பக்கம் ஒரே குடும்பத்தில் 5 பேர் கொல்லப்பட்ட வழக்கில் உயிர் பிழைத்த பெண், போலீஸ் காட்டிய போட்டோக்களில் வேறு 4 பேரை அடையாளம் காட்டியிருந்தார். அவர்களை விசாரிக்கவில்லை, அந்த வாக்குமூலத்தையும் மறைத்துவிட்டார்கள். வேறு 6 பேருக்கு 2009-ல் சுப்ரீம் கோர்ட்டே தூக்கு என்றது. சீராய்வு மனு போட்டு, அப்பீலை மறுபடி கேட்க வைத்து, 2019 மார்ச்சில் அதே கோர்ட் ஆறு பேரையும் விடுதலை செய்தது. ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு. உள்ளே கிடந்தது 16 வருஷம். அந்தத் தொகையை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே இல்லை.

எஃப்.ஐ.ஆர்., பிரேத விசாரணை அறிக்கை, கைப்பற்றிய பொருள்களைப் பதிந்த பறிமுதல் மகஜர் மூன்றையும் பக்கம் விடாமல் போட்டோ எடுத்து இந்த வாரமே அனுப்பு. சீல், கையெழுத்து, தேதி தெளிவாகத் தெரியட்டும்.

அன்புடன்,
ரவி