டீக்கடை ஷிபுவுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் வரும் சூப்பர்ஹீரோ பட விமர்சனங்களை விடாமல் படிக்கிறவன் நான். ஹீரோவின் உடை, கிராபிக்ஸ், சண்டைக் காட்சி, பின்னணி இசை என்று எல்லாவற்றையும் அலசுகிறார்கள். வில்லனை மட்டும் 'மிரட்டியிருக்கிறார்' என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். மனசு ஆறாமல்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வகைப் படங்களுக்கு உயிரே வில்லனிடம்தான் இருக்கிறது.

2021 கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்த 'மின்னல் முரளி'யை எடுத்துக்கொள்வோம். பேசில் ஜோசப் இயக்கிய மலையாளப் படம். குறுக்கன்மூலை என்ற சின்ன ஊரில் ஒரே ராத்திரியில் இரண்டு பேரை மின்னல் தாக்குகிறது. ஒருவன் தையல்காரன் ஜெய்சன், இன்னொருவன் டீக்கடையில் வேலை செய்கிற ஷிபு. இரண்டு பேருக்கும் சக்தி வருகிறது, ஜெய்சன் ஹீரோவாகிறான், ஷிபு வில்லனாகிறான். ஜெய்சனுக்குக் குறும்பு செய்ய வீடும் சிரித்துப் பேச ஆட்களும் இருக்கிறார்கள், ஷிபுவை ஊரே பைத்தியம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, சின்ன வயதிலிருந்து மனசில் சுமக்கிற உஷா. உலகத்தை ஆள வேண்டும் என்று அவன் ஒரு இடத்திலும் சொல்வதில்லை.

நம்ம சென்னை நாடகக் குழுவான கூத்துப்பட்டறையில் பயிற்சி பெற்ற குரு சோமசுந்தரம்தான் ஷிபு. அவனோடு வாழச் சம்மதம் என்று உஷா சொல்கிற இடத்தில் அவர் முகத்தைப் பாருங்கள். சிரிப்பு வருகிறது, அழுகை வருகிறது, இரண்டில் எது முந்துவது என்று தெரியாமல் முகம் தவிக்கிறது, கேமராவும் அவசரப்படாமல் அங்கேயே நிற்கிறது. அடுத்து ஊர்க்காரர்கள் உஷா இருந்த வீட்டுக்குத் தீ வைக்கிறார்கள், உஷா செத்துப்போகிறாள், அப்புறம்தான் அவன் ஊரையே அழிக்கக் கிளம்புகிறான். இந்த மாதிரிப் படங்கள் பக்கமே வராத என் அம்மா, அன்று என்னோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, "வீட்டைக் கொளுத்துனவங்களை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலையேடா" என்றார். படம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோதும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் கொலைகாரன் என்பது அம்மாவுக்கும் தெரியும், ஆனாலும் அவனை அப்படியே விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை.

கேட்பது நியாயமாக இருக்க வேண்டும், செய்வது அநியாயமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால்தான் நமக்குள் ஒரு இழுபறி நடக்கும். 2018-இல் வந்த 'பிளாக் பேந்தர்' படத்தில் வில்லன் கில்மாங்கர் லண்டன் அருங்காட்சியகத்துக்கு வருகிற காட்சி ஞாபகம் இருக்கிறதா? ஆப்பிரிக்கக் கலைப்பொருட்களைக் காட்டி, உங்கள் முன்னோர் இதையெல்லாம் விலை கொடுத்தா வாங்கினார்கள் என்று கேட்கிறான். அந்த அதிகாரியிடம் பதில் இல்லை, நம்மிடமும் இல்லை. ஆனால் அதே நேரத்தில் அவர் குடித்த காபியில் விஷம் கலந்தாகிவிட்டது! நியாயமும் அநியாயமும் ஒரே காட்சிக்குள் இருக்கின்றன.

அந்தப் படத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. கொஞ்ச நேரத்தில் அவன் கூடவே வந்த காதலியை யோசிக்காமல் சுட்டுத் தள்ளுகிறான். எங்கே நாம் அவன் பக்கம் சாய்ந்துவிடுவோமோ என்ற பயத்தில் வைத்த காட்சியாகத்தான் எனக்குப் படுகிறது. ஷிபுவின் கோபத்துக்குக் கதையிலேயே காரணம் இருந்தது, இது மேலே ஒட்டவைத்தது போல இருக்கிறது. சரி, அதையும் மீறி கில்மாங்கர் ஜெயிக்கிறான் என்பேன். அவன் செத்த பிறகு ஹீரோவான வகாண்டா நாட்டு அரசன் டி'சல்லா என்ன செய்கிறான்? கில்மாங்கர் பிறந்து வளர்ந்த அமெரிக்க நகரமான ஓக்லாண்டுக்கே போய், அங்குள்ள மக்களுக்கு உதவ ஒரு மையம் திறக்கிறான். அதுவரை மூடிக்கிடந்த வகாண்டா கதவைத் திறக்கிறது. வில்லன் வந்துபோன பிறகும் ஹீரோ பழைய ஆளாகவே இருந்தால் அவன் எதற்கு வந்தான்?

அப்படியென்றால் 2008-இல் வந்த 'த டார்க் நைட்' என்ற பேட்மேன் படத்தின் வில்லன் ஜோக்கருக்கு என்ன நியாயம் இருக்கிறது என்று கேட்பீர்கள். அவனுக்கு முன்கதையே கிடையாது. வாயில் தழும்பு எப்படி வந்தது என்று ஒருவனிடம் ஒரு கதை, இன்னொருவரிடம் வேறு கதை சொல்கிறான். அவன் நியாயம் கேட்க வரவில்லை, மனிதர்களைச் சோதிக்க வந்தவன். இரண்டு படகுகள், இரண்டிலும் வெடிகுண்டு, ஒவ்வொரு படகின் குண்டை வெடிக்கவைக்கும் பொத்தானும் அடுத்த படகில் இருக்கிறது. கைதிகள் இருக்கிற படகில் ஒரு பெரிய உருவம் எழுந்துவந்து அந்தக் கருவியை வாங்கி ஜன்னல் வழியே வீசுகிறதே, அப்போது அரங்கமே மூச்சு விட்டது. அங்கே ஜோக்கர் தோற்கிறான், ஆனால் நேர்மையான அரசு வக்கீல் ஹார்வி டென்ட்டைக் கொலைகாரனாக்கி ஜெயித்துவிடுகிறான், அந்தப் பழியையும் பேட்மேன்தான் சுமந்துகொண்டு ஓடுகிறான். ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் இறந்த பிறகு அவருக்கு ஆஸ்கர் கொடுத்தது அனுதாபத்தால் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

வானத்தில் நீல வெளிச்சத்தைத் திறந்துவிட்டு உலகை அழிக்கிறேன் என்று வருகிறவர்கள் எத்தனையோ பேர், ஒருவன் பெயரும் வாயில் வரமாட்டேன் என்கிறது.

அதனால் உங்கள் விமர்சகர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த படத்துக்கு எழுதும்போது வில்லனுக்கு ஒரு முழுப் பத்தி கொடுங்கள். அவன் என்ன கேட்டான், ஹீரோவால் அதற்குப் பதில் சொல்ல முடிந்ததா என்று எழுதுங்கள். நான் டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்று அதைப் படித்துவிட்டு முடிவு செய்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
திண்டுக்கல்